ஏழு தலை மிருகமும் 666-ம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றியே இம்முறை அதிகக் கேள்விகள் வந்திருக்கின்றன. கத்தோலிக்க வாசகர்கள் திருவெளிப்பாடு என்று அறிந்திருக்கும் நூல்தான் இது. பதில்களில் அதிகார, வசன எண்களை நிறையக் கொடுத்திருக்கிறோம். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தபடியே படியுங்கள்.

ஆதார் எண், கையில் பொருத்தும் சிப், கடைப் பொருட்களில் உள்ள பார்கோடு எல்லாமே மிருகத்தின் முத்திரைதான் என்று கன்வென்ஷன் கூட்டத்தில் பேசினார்கள். பயமாக இருக்கிறது. 666-ஐ எப்படிப் புரிந்துகொள்வது?
*— வாசகி, நாசரேத்*

பயப்பட வேண்டாம், சகோதரி. 13-ம் அதிகாரத்தில் வரும் மிருகத்தின் முத்திரையைக் கையிலோ நெற்றியிலோ பெறாதவன் வாங்கவும் விற்கவும் முடியாது; அந்த மிருகத்தின் எண்தான் 666. 13:18 "புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்" என்று சொல்கிறது. அப்படியானால், முதலில் அதைக் கேட்ட ஆசியா மைனர் சபைகளால் போட முடிந்த கணக்காகத்தான் அது இருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் எபிரெயருக்கும் கிரேக்கருக்கும் எண்களுக்கென்று தனிக் குறிகள் வழக்கில் இல்லை, எழுத்துகளையே எண்களாகவும் பயன்படுத்தினார்கள். அதனால் எந்தப் பெயரையும் கூட்டி ஓர் எண்ணாகச் சொல்லலாம். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்துச் சுவரில் ஒருவன், '545 என்ற எண்ணுக்குரியவளை நேசிக்கிறேன்' என்று கிறுக்கி வைத்திருக்கிறான். அவள் யார் என்பது அந்தத் தெருக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை 'நீரோன் கேசர்' என்று எபிரெய எழுத்தில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50. பிறகு கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. கூட்டிப் பாருங்கள், 666 வரும். சில பழைய கைப்பிரதிகளில் இந்த இடத்தில் 616 என்று இருக்கிறது. லத்தீன் உச்சரிப்பின்படி 'நீரோ' என்று கடைசி நூனை விட்டு எழுதினால் 50 குறைந்து 616 ஆகிறது. இரண்டு எண்களுக்கும் ஒரே பெயர் பொருந்துவதுதான் இந்த விளக்கத்தின் பெரிய பலம். 'கேசர்' என்பதில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று சிலர் ஆட்சேபித்தார்கள். ஆனால் யூதேயப் பாலைவனத்தின் முரப்பாத் குகையில் கிடைத்த, நீரோ காலத்திய அரமேயப் பத்திரம் ஒன்றில் அதே எழுத்துக்கூட்டல் இருக்கிறது. கி.பி. 180-ஐ ஒட்டி எழுதிய சபைப் பிதா இரேனியு நீரோவைச் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் லாத்தெய்னோஸ், தெய்த்தான் முதலான பெயர்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு, எதையும் உறுதியாகக் கூறாமல் நிறுத்திக்கொண்டார்.

இனி, கணக்கு எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் ஏ-க்கு 6, பி-க்கு 12, சி-க்கு 18 என்று வைத்தால் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் 666 ஆகும். இந்நூலை எழுதிய யோவானுக்கு அந்த மொழியும் தெரியாது, அந்த முறையும் தெரியாது. மாற்றிமாற்றி முயன்றால் எந்தப் பெயரையும் 666-க்குக் கொண்டுவந்துவிடலாம். இணையத்தின் மூன்று டபிள்யூவும் எபிரெய வாவ் எழுத்துதான், ஆகவே 666 என்பார்கள். எபிரெய எழுத்தெண்களைக் கூட்டத்தான் வேண்டும், இட மதிப்பு கிடையாது. மூன்று வாவ் சேர்ந்தால் 18 மட்டுமே. பார்கோடில் சற்று நீண்டு தெரியும் மூன்று இரட்டைக் கோடுகள், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கருவிக்குக் காட்டும் எல்லைக் கோடுகள். பார்வைக்கு 6-க்குரிய கோடுகளைப் போல இருந்தாலும் அவை எந்த எண்ணையும் குறிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, 13:15-17-ஐயும் 14:9-11-ஐயும் சேர்த்துப் படியுங்கள். முத்திரை எப்போதும் மிருகத்தை *வணங்குவதோடு* கட்டப்பட்டிருக்கிறது. தெரியாமல், ஏமாந்து யாரும் அதைப் பெறுவதாக ஒரு வசனமும் இல்லை. அடுத்த பக்கத்திலேயே 14:1-ல் ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிறவர்களின் நெற்றியிலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அதை யாரும் பச்சை குத்திய எழுத்தென்றோ சிப் என்றோ சொல்வதில்லை. இரண்டுக்கும் மூலம் எசேக்கியேல் 9:4. யாருக்கு உரியவர் என்பதைக் காட்டும் அடையாளம் அது. பேரரசனின் உருவத்துக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லிக் கிறிஸ்தவர்களைச் சோதித்ததாக, ஆளுநர் பிளினி கி.பி. 112 அளவில் திராயான் பேரரசனுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அந்தச் சபைகள் எதிர்கொண்ட கேள்வி அதுதான். இந்தப் பயத்தால் தடுப்பூசியையோ ரேஷன் அட்டையையோ மறுத்து ஒரு குடும்பம் கஷ்டப்படுமானால், அதற்கு வசனம் பொறுப்பல்ல, அதைத் தவறாகப் பேசியவர்களே பொறுப்பு.

13-ம் அதிகார மிருகத்தின் பத்துக் கொம்புகள் ஐரோப்பிய நாடுகளைக் குறிக்கின்றனவா?
*— வாசகர், கோயம்புத்தூர்*

ஐரோப்பியக் கூட்டமைப்பில் பத்து நாடுகள் இருந்த 1981-86 காலத்தில் இந்த விளக்கம் கொடிகட்டிப் பறந்தது. பன்னிரண்டு ஆனபோது அதே ஆட்கள் வேறு பத்தைத் தேடினார்கள்.

தானியேல் 7-ஐத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். சிங்கத்துக்கு ஒரு தலை, கரடிக்கு ஒன்று, சிறுத்தைக்கு நான்கு, நான்காம் மிருகத்துக்கு ஒன்று. ஆக ஏழு. நான்காம் மிருகத்துக்குக் கொம்புகள் பத்து. யோவான் கண்ட மிருகம் சிறுத்தையைப் போல, கரடியின் கால்களோடு, சிங்கத்தின் வாயோடு வருகிறது (13:2). தானியேலின் நான்கையும் ஒரே உடலில் சேர்த்து, வரிசையை மட்டும் தலைகீழாக்கியிருக்கிறார். பாபிலோன் முதல் கிரேக்கர் வரை ஒவ்வொன்றாக வந்து போன கொடுமையெல்லாம் தன் காலத்து வல்லரசில் ஒன்றாகத் திரண்டிருக்கிறது என்று சொல்வதற்கு இதைவிடக் கூர்மையான படம் கிடையாது.

ஏழு தலைகள் எவை என்று 17:9-10-ல் தூதனே சொல்லிவிடுகிறான்: ஏழு மலைகள், ஏழு ராஜாக்கள். ரோமாதேவி ஏழு குன்றுகளின்மேல் சாய்ந்து அமர்ந்திருக்கும் காசு ஒன்றை வெஸ்பாசியன் கி.பி. 71-ல் அச்சடித்தான். 'ஏழு மலைகள்' என்றதும் எபேசு வாசிக்கு வேறொரு நகரம் நினைவுக்கு வந்திருக்காது.

ஏழு ராஜாக்களின் பட்டியல்தான் சிக்கலானது. "ஐந்துபேர் விழுந்தார்கள், ஒருவன் இருக்கிறான்" என்கிறது வசனம். ரோமப் பேரரசர்களை அகுஸ்து முதல் எண்ணினால் விழுந்த ஐந்தாமவன் நீரோ. யூலியு முதல் எண்ணினால் நீரோ ஆறாமவன், இருக்கிறவன். கி.பி. 68-69-ல் சில மாதங்களே ஆண்ட கல்பா, ஒத்தோ, வித்தேல்லியு மூவரையும் சேர்ப்பதா விடுவதா என்பது அடுத்த தகராறு. தொமித்தியன் (81-96) ஆட்சியின் இறுதியில் இந்தத் தரிசனம் காணப்பட்டது என்கிறார் இரேனியு. அவனை ஆறாமவனாக்க வேண்டுமென்றால் பட்டியலை வளைத்தே ஆக வேண்டும். ஏழு சபை, ஏழு முத்திரை, ஏழு கலசம் என்று எங்கும் முழுமையைக் குறிக்கும் எண், இங்கே மட்டும் ஆட்சியாளர்களின் வருகைப் பதிவேடாக இருக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

அந்திக்கிறிஸ்துவைப் பற்றி வெளிப்படுத்தின விசேஷத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது?
*— வாசகர், வேலூர்*

அந்தச் சொல் அந்த நூலில் ஓர் இடத்திலும் இல்லை. 1 யோவான் 2:18, 2:22, 4:3, 2 யோவான் 7 ஆகிய இடங்களில் மட்டுமே வருகிறது. அங்கேயும் "அநேக அந்திக்கிறிஸ்துகள்" என்று பன்மையிலும் பேசப்படுகிறது. அதை 13-ம் அதிகார மிருகத்தோடும் 2 தெசலோனிக்கேயர் 2-ன் பாவமனுஷனோடும் இணைத்தது பிற்காலத்து வாசிப்பு. இணைப்பது தவறு என்று சொல்லவில்லை. இணைக்கிறோம் என்று தெரிந்தே இணைக்க வேண்டும்.

ஏழு சபைகள் ஏழு சபைக்காலங்கள் என்றும், நாம் கடைசியான லவோதிக்கேயா காலத்தில் இருக்கிறோம் என்றும் எங்கள் போதகர் சொல்கிறார். "வெதுவெதுப்பு" நம்மைத்தான் குறிக்கிறதா?
*— வாசகர், திருநெல்வேலி*

சபைகளின் வரிசையை வரைபடத்தில் பாருங்கள், ஐயா. யோவான் இருந்த பத்மு தீவிலிருந்து கடிதத்தோடு வருகிறவன் எபேசில் இறங்கி, வடக்கே சிமிர்னா, பெர்கமு வரை போய், பிறகு தென்கிழக்கே தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று முடிப்பான். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் ஒரு வளைவாக வரும் பாதை அது. சபைக்கால விளக்கம் அந்தப் பயண வரிசையைச் சரித்திர வரிசையாக மாற்றிவிடுகிறது. பொருத்திக் காட்டப்படும் சரித்திரமும் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவுடையது. எத்தியோப்பியச் சபைக்கும் சீரியச் சபைக்கும் அதில் இடமே இல்லை.

லவோதிக்கேயாவுக்கு வருவோம். "அனல்" என்றால் பக்தி, "குளிர்" என்றால் பக்தியின்மை என்றே பிரசங்கிக்கிறார்கள். ஆனால் 3:15, "நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்கிறது. குளிரும் நல்லதுதான். ஊரின் இருப்பிடத்தைப் பார்த்தால் இது தெளியும். வடக்கே 10 கிலோமீட்டர் அளவில் எராப்போலி, அங்கே இன்றும் வெந்நீர் ஊற்று ஓடுகிறது. கிழக்கே கொலோசே, குளிர்ந்த ஆற்றுநீர் கிடைக்கும் ஊர். லவோதிக்கேயாவுக்கோ தண்ணீர் குழாயில் வந்தது. சுண்ணாம்பு படிந்து அடைத்துப்போன அந்தக் கல்குழாய்கள் இடிபாடுகளில் கிடக்கின்றன. வழியிலேயே தண்ணீர் வெதுவெதுப்பானதா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமனப்படவில்லை. ஆனால் வெந்நீர் நோய்க்கு ஆகும், குளிர்ந்த நீர் தாகத்துக்கு ஆகும், இரண்டுக்கும் ஆகாததை வாயிலிருந்து துப்புவோம் என்ற பொருளுக்கு அந்த விவாதம் தேவையில்லை.

"எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற பேச்சும் அந்த ஊருக்கு உரியதே. கி.பி. 60-ல் நிலநடுக்கத்தில் விழுந்த இந்த நகரம், ரோமின் உதவியில்லாமல் தன் சொந்தப் பணத்தில் எழுந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதியிருக்கிறார். காகத்தைப் போலக் கறுத்த கம்பளிக்குப் பேர்போன ஊருக்கு, வெள்ளை வஸ்திரம் வாங்கிக்கொள் என்று சொல்லப்படுகிறது (3:18). இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, நம் சபைக்கும் இந்த வார்த்தை பொருந்துகிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒவ்வொரு கடிதமும் "சபைகளுக்கு" என்று பன்மையில் சொல்லித்தான் முடிகிறது.

1260 நாள், 42 மாதம், "ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும்" – இவை வெவ்வேறா? ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணலாமா?
*— வாசகி, மதுரை*

மூன்றும் ஒன்றே. மாதத்துக்கு 30 நாள் வைத்தால் 42 × 30 = 1260. அதுவே மூன்றரை ஆண்டு. இந்த அளவு தானியேல் 7:25-லிருந்தும் 12:7-லிருந்தும் வருகிறது. அதன் பின்னணியில், சீரிய அரசன் அந்தியோகஸ் எப்பிபானஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கி.மு. 167 முதல் அது மறுபடி சுத்திகரிக்கப்பட்ட 164 வரையான துன்பம் நிற்கிறது. இன்னொரு இழையும் இதில் ஓடுகிறது. எலியா காலத்துப் பஞ்சம் 1 இராஜாக்கள் 18:1-ன்படி மூன்றாம் வருஷத்தில் முடிகிறது. லூக்கா 4:25-லும் யாக்கோபு 5:17-லும் அது மூன்று வருஷம் ஆறு மாதம் என்று சொல்லப்படுகிறது. மழை பெய்யாதபடி வானத்தை அடைக்கும் சாட்சிகள் இருவரும் ஊழியம் செய்வது 1260 நாள் (11:3-6). ஏழின் பாதி, அதாவது முழுமை அடையவிடாமல் நடுவில் வெட்டப்பட்ட காலம், துன்பத்தின் அளவாகவே வழங்கிவந்திருக்கிறது.

நாளுக்கு வருஷம் என்ற முறைக்கு எண்ணாகமம் 14:34-ஐயும் எசேக்கியேல் 4:6-ஐயும் ஆதாரம் காட்டுவார்கள். அந்த இரண்டு இடங்களிலும் அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அப்படிக் கணக்கிடும்படி வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. எல்லாத் தீர்க்கதரிசனத்துக்கும் அது விதி என்று எங்கும் சொல்லப்படவில்லை. எரேமியாவின் 70 வருஷத்தை அதே தானியேல் 70 வருஷமாகத்தான் எடுத்துக்கொள்கிறார் (9:2). தானியேல் 8:14-ன் 2300 நாளை வருஷமாக்கி, கி.மு. 457-லிருந்து எண்ணித்தான் அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்துவின் வருகைக்கு 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் விளைச்சலை வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். தொடக்க ஆண்டை எண்ணுகிறவர் தேர்ந்தெடுக்கிறார், முடிவு ஆண்டு அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. இந்த முறையின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

முத்திரைகள், எக்காளங்கள், கலசங்கள் ஆகிய 21 வாதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவையா?
*— வாசகர், யாழ்ப்பாணம்*

அப்படிக் கோர்த்தால் நூல் தாங்காது. ஆறாம் முத்திரையில் நட்சத்திரங்கள் பூமியில் விழுந்து, வானம் சுருட்டப்பட்டுப் போய்விடுகிறது (6:13-14). நான்காம் எக்காளத்தில் அதே நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்கு இருளடைகிறது (8:12). 8:7-ல் பசும்புல்லெல்லாம் எரிந்துபோகிறது, 9:4-ல் புல்லைச் சேதப்படுத்தாதே என்று வெட்டுக்கிளிகளுக்குக் கட்டளை. ஒரே முடிவை மூன்று சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் கடுமையைக் கூட்டிக் காட்டுகிறார் யோவான். முத்திரையில் காற்பங்கு (6:8), எக்காளத்தில் மூன்றிலொரு பங்கு, கலசத்தில் முழுவதும். வாதைகளில் பலவற்றின் மாதிரி யாத்திராகமம் 7 முதல் 10 வரை இருக்கிறது: இரத்தம், தவளை, கொப்புளம், கல்மழை, வெட்டுக்கிளி, இருள். வெட்டுக்கிளியின் சிங்கப்பல் யோவேல் 1:6-லிருந்தும், குதிரைச் சாயலும் இரதச் சத்தமும் யோவேல் 2:4-5-லிருந்தும் வந்தவை. ஹெலிகாப்டரைத் தேட வேண்டியதில்லை.

1,44,000 பேர் மட்டும்தான் பரலோகம் போவார்களா?
*— வாசகி, திருச்சி*

7:4-ல் யோவான் அந்த எண்ணைக் *கேட்கிறார்*. 7:9-ல் திரும்பிப் பார்க்கும்போது, ஒருவனும் எண்ணக்கூடாத திரளான கூட்டத்தைக் *காண்கிறார்*. இரண்டு அதிகாரம் முன்பு இதே போல யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று கேட்டார், பார்த்தால் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி நிற்கிறது (5:5-6). கேட்டதன் உண்மை உருவம் கண்டதில் தெரிகிறது. எண்ணோ 12 × 12 × 1000. எண்ணை மட்டும் எழுத்துப்படி எடுக்கிறவர்கள், அவர்கள் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரத்தார் என்பதையும், 14:4-ன்படி பெண்களோடு சேராத ஆண்கள் என்பதையும் எழுத்துப்படி எடுப்பதில்லை. கோத்திரப் பட்டியலில் தாண் விடுபட்டு, யோசேப்பும் மனாசேயும் தனித்தனியாக இருப்பதைப் பார்த்தாலே, இது குடிமதிப்புக் கணக்கு அல்ல என்று விளங்கும்.

18-ம் அதிகாரத்தில் பாபிலோனின் வியாபாரச் சரக்குகளில் முத்து வருகிறதே, நம் கடல் முத்தாக இருக்குமா?
*— வாசகர், தூத்துக்குடி*

இருக்க மிகவும் வாய்ப்புண்டு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட செங்கடல் கடற்பயணக் கையேடு, பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளிப்பைச் சொல்கிறது. அதில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்றும் சொல்கிறது. தந்தமும் நம் கரைகளிலிருந்து போனதே. முசிறித் துறையிலிருந்து சென்ற கப்பல் சரக்கில் தந்தத்தைக் கணக்கிட்ட இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் வியன்னாவில் இருக்கிறது. இந்தியா, சீனர், அரேபியா மூன்றுக்குமாக ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போய்விடுகிறது என்று ரோம எழுத்தாளர் மூத்த பிளினி வருந்தினார். அத்தனை பேர்பெற்ற மிளகு மட்டும் யோவானின் பட்டியலில் இல்லை.

பட்டியலின் மாதிரி எசேக்கியேல் 27, தீரு நகரத்தின் சரக்குகள். யோவான் தன் பட்டியலைப் பொன்னில் தொடங்கி மனித ஆத்துமாக்களில் முடிக்கிறார் (18:12-13). அடிமைகள் கால்நடைக்குப் பின்னால், கடைசி விலைப்பொருளாக நிற்கிறார்கள். இந்த நூலில் பாபிலோன் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான்.

வாலிபர் வேதபாட வகுப்பில் இந்த நூலை நடத்தக் கேட்டிருக்கிறார்கள். எட்டு வாரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?
*— வாசகர், நாகர்கோவில்*

முதல் வாரம் விளக்கம் எதுவும் வேண்டாம். 22 அதிகாரம், 404 வசனம். நான்கைந்து பேர் மாறிமாறிச் சத்தமாக வாசித்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். 1:3 வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும்தான் பாக்கியவான்கள் என்கிறது. இடையில் நிறுத்திக் கேள்வி கேட்க அனுமதிக்காதீர்கள். நிறுத்தினால் நான்காம் அதிகாரத்தைத் தாண்ட மாட்டீர்கள்.

இரண்டாம் வாரம், நூல் தானே பொருள் சொல்லும் இடங்களை ஒரு நிறப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்: 1:20, 4:5, 5:8, 12:9, 17:9-10, 17:12, 17:15, 17:18, 19:8. இந்த அர்த்தங்களை மீறும் எந்த விளக்கத்தையும் வகுப்பில் ஏற்க வேண்டாம். மூன்றாம் வாரமும் நான்காம் வாரமும் பழைய ஏற்பாட்டுக்கே போக வேண்டும். யாத்திராகமம் 7-10, எசேக்கியேல் 1, 9, 27, தானியேல் 7, யோவேல் 1-2, சகரியா 1-6. யோவான் ஓர் இடத்தில்கூட "எழுதியிருக்கிறபடியே" என்று சொல்லி மேற்கோள் காட்டுவதில்லை. அவருடைய வரிகளுக்குள் அந்த நூல்கள் கலந்து கிடக்கின்றன, நாம்தான் அடையாளம் காண வேண்டும். பெரும்பாலான வகுப்புகள் இந்த இரண்டு வாரத்தைச் சுருக்கிவிட்டு நேரே செய்தித்தாளுக்குப் போவதால்தான் திசைமாறுகின்றன.

ஐந்தாம் வாரம் ஏழு சபைகள். வரைபடம் கட்டாயம். ஆறாம் வாரம் 12-13, ஏழாம் வாரம் 17-18. தானியேலுக்கு "புஸ்தகத்தை முத்திரைபோடு" என்ற கட்டளையும் (12:4), யோவானுக்கு முத்திரைபோடாதே என்ற கட்டளையும் (22:10) இருப்பதை இங்கே பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுங்கள். ஆயிரவருஷ அரசாட்சி பற்றிய கேள்வி எப்படியும் எழும். இரேனியு அதை வரப்போகும் பூலோக ஆட்சியாக நம்பினார், அகுஸ்தீன் சபையின் இக்காலமாக வாசித்தார், இருவரும் சபையின் பிதாக்களே என்று சொல்லி, 20:1-6-ஐ மட்டும் படிக்கவிட்டு, அரைமணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

எட்டாம் வாரம் 21-22. புதிய எருசலேமின் அளவுகளைக் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி, ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். மதிலோ 144 முழம், அதாவது 65 மீட்டர்தான். இதைக் கட்டட வரைபடமாக யாராலும் வரைய முடியாது, மாணவர்களே அதைச் சொல்லிவிடுவார்கள். அப்போது 1 இராஜாக்கள் 6:20-ஐத் திறக்கச் சொல்லுங்கள். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் நீளம் 20, அகலம் 20, உயரம் 20 முழம். அதன் பிறகு 21:22-ல் நகரத்துக்குள் ஆலயத்தைக் காணவில்லை என்று ஏன் எழுதினார் என்று கேளுங்கள்.